என்ஜின் பொருத்தம்

கன்னையா அந்தப் பயிற்சி விமானத்தைக் கட்டி முடிப்பதற்குள், பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டின் பின்புறம் ஒரு சமையலறையை எழுப்பி, பால் காய்ச்சி, கூரை ஒழுகி, அதை இடித்து மறுபடியும் கட்டிவிட்டார். கன்னையாவுக்கு அவசரமில்லை. கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் அவர் கணக்கு ஆசிரியர். நாள் முழுவதும் பேசியே தீரவேண்டிய வேலை. பள்ளி விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசை மேல் பால்சா மரத் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு, இருட்டும்வரை ஒரு வார்த்தை பேசாமல் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருப்பார். தண்டவாளக் கட்டையைப் போல் கனக்கும் மரங்களையே பார்த்து வளர்ந்தவருக்கு, உள்ளங்கையில் இருப்பதே தெரியாத ஒரு மரம் ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மேசை போய்விட்டதால் அவர் மனைவி குணேஸ்வரி தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டாள். அவள் மருத்துவமனைத் தாதி. நோயாளிகளின் முனகலிலிருந்து வீட்டுக்கு வருகிறவளுக்கு உப்புத்தாளின் சத்தம் பிடித்திருந்தது.

வானொலிக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலிருந்தே ஓட்டுகிற சிறு விமானம் அது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று செய்யப்பட்டது. இறக்கை உடம்புக்கு மேலே, ஓட்டு வீட்டின் கூரை மாதிரி உட்கார்ந்திருக்கும். மெதுவாகப் பறக்கும். ஓட்டுகிறவன் குழம்பிப்போய்க் கையை எடுத்துவிட்டால், அது தானாகவே நிமிர்ந்து நேராகிவிடும். கன்னையா அந்த ஒரு குணத்துக்காகவே அதை வாங்கினார். ஜெஞ்சாரோமுக்கு அப்பால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் நடுவே, முன்பு உரம் தூவும் விமானம் இறங்கிய புல்தரை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் அங்கே சிறு விமானங்கள் விடுவார்கள். அங்கே நின்று, செம்பனை மட்டைகளுக்கு மேலே தன் விமானத்தை ஒரு சுற்று மெதுவாக அனுப்பி, மறுபடியும் தன் காலடியில் இறக்க வேண்டும். அவர் வேண்டியது அவ்வளவுதான். வாழ்க்கையில் தான் அனுப்பிய எதுவும் அப்படி அமைதியாகத் திரும்பி வந்ததாக அவருக்கு நினைவில்லை.

பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது: நாற்பதாம் எண் என்ஜின். எண் கூடினால் என்ஜின் பெரிது. இந்த உடம்புக்கு நாற்பது போதும், அதற்கு மேல் வேண்டாம் என்று உள்ளே இருந்த தாளிலும் இருந்தது. என்ஜினைக் குணேஸ்வரி வாங்கித் தந்தாள். அவர் பிறந்தநாளுக்கு முந்தைய சனிக்கிழமை, தனியாக பஸ் ஏறிக் கோலாலம்பூர் போய், கடைக்காரன் காட்டிய பெரிய என்ஜின்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, “பெட்டியில என்ன நம்பர் போட்டிருக்கோ அதைக் குடுங்க” என்று கேட்டு வாங்கி வந்தாள். கைக்குள் அடங்கும் என்ஜின். கன்னையா அதைத் துணியில் சுற்றி அலமாரியில் அவளுடைய புடவைகளுக்கு அடியில் வைத்தார். பெரிய நன்றி எதுவும் சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

காரியம் அத்தோடு முடிந்திருக்கும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து முத்துக்குமாரு வராமல் இருந்திருந்தால்.

முத்துக்குமாரு குணேஸ்வரியின் மூத்த அண்ணன். ரயில்வே அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு உண்மையான உத்தியோகம் பொருத்தம் பார்ப்பது. யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பங்கள் ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் சாதகங்களோடு அவர் வீட்டுக் கூடத்துக்கு வரும். நட்சத்திரம், ராசி பார்த்தபின் அவர் தம்முடைய சொந்தக் கணக்கு ஒன்றையும் போடுவார். மாப்பிள்ளை எதிலும் பெண்ணைவிட ஒரு பிடி கூட இருக்கவேண்டும். வயதில், உயரத்தில், படிப்பில், சம்பளத்தில். ஒரு பிடி குறைந்தால் குடும்பம் எழும்பாது. அவர் சேர்த்து வைத்த குடும்பங்களெல்லாம் எழும்பினவா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

அந்தக் கணக்கில் கன்னையா ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டார். பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். பெண்ணைவிட அரை அங்குலம் குள்ளம். பதிவுத் திருமணத்துக்கு முத்துக்குமாரு வரவில்லை. கோபப்படவும் இல்லை. “பொருத்தம் இல்லை” என்று மட்டும் சொல்லியனுப்பினார், ஒரு வைத்தியர் நோயின் பெயரைச் சொல்வதுபோல. அதன்பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. குணேஸ்வரி அண்ணன் வீட்டு வாசலை மிதித்தது இரண்டு சாவுகளுக்கு மட்டும். அப்போதும் கூடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து, மற்றவர்களோடு எழுந்து வந்தாள். பிரிக்பீல்ட்ஸ் வழியாக பஸ் போகும்போது அவள் சன்னல் பக்கம் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கன்னையா கவனித்திருக்கிறார். அதைப் பற்றியும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

முத்துக்குமாருவின் மனம் இளகியது லண்டனில். மகளைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு பூங்காவில் பெரிய மனிதர்கள் சிறு விமானங்கள் விடுவதைக் கண்டிருக்கிறார். விசாரித்தால் ஒருவர் இருதய வைத்தியர், ஒருவர் வழக்கறிஞர். ஊர் திரும்பியதும், குணேஸ்வரியின் வீட்டுக்காரனும் ஏதோ விமானம் கட்டுகிறானாம் என்று யாரோ சொல்லக் கேட்டார். அந்த மாதமே தம்முடைய புதுப் புரோட்டோன் சாகா காரில் மனைவி புனிதவதியையும் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து நின்றார்.

அவரை எப்படி அழைப்பது என்பதுதான் கன்னையாவின் முதல் சங்கடம். முறைப்படி மச்சான். ஆனால் அந்த முறையை முத்துக்குமாரு ஒப்புக்கொண்டதில்லை. அண்ணே என்பது காப்பிக்கடைக்காரரைக் கூப்பிடுவது. சார் என்பது பள்ளிக்கு வரும் அதிகாரியை. ஆகவே கன்னையா அவரிடம் பேசவேண்டி வந்தபோதெல்லாம் “வந்து…” என்று தொடங்கி, ஓர் இடைவெளி விட்டு, விஷயத்துக்குப் போனார். முத்துக்குமாருவும் அந்த “வந்து”வுக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருக்கப் பழகிக்கொண்டார். அவருக்குக் கன்னையா “மாஸ்டர்”.

அவர் மேசையைச் சுற்றி வந்து விமானத்தைப் பார்த்தார். ஒரு பெண்ணைப் பார்க்க வந்தவரின் நிதானம். மூக்கு, இடுப்பு, வால் எல்லாம் பார்த்து முடித்தபின் கேட்டார்.

“இதுக்கு என்ன என்ஜின் போடப்போறீர், மாஸ்டர்?”

கன்னையா பெட்டியின் மேலிருந்த எண்ணைக் காட்டினார்.

“நாப்பதோ.” தற்காலிகக் குமாஸ்தா என்று ஒரு மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லக் கேட்டால் வரும் குரல் அது. பிறகு புனிதவதியைப் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து ஒரு கனமான பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேசை லேசாக அதிர்ந்தது.

“லண்டன்ல டாக்டர்மார் விடுறதைப் பாத்தனான். எல்லாம் அறுபது. மாப்பிள்ளை எப்பவும் ஒரு பிடி கூட இருக்கவேணும். அப்பத்தான் எழும்பும்.”

பத்து வருடத்துக்கு மேலாக அந்த வீட்டிலிருந்து வந்த முதல் பொருள். ஒரு வெற்றிலைத் தட்டுகூட வந்திராத வீட்டிலிருந்து ஓர் அறுபதாம் எண் என்ஜின். குணேஸ்வரி பெட்டியைத் தொடவில்லை. அதன் மேலிருந்த கடையின் சீட்டை ஒரு விரலால் தடவினாள். புனிதவதி அவள் தோளில் கைவைத்து, கறுத்துப் போய்விட்டாய் பிள்ளை என்று சொன்னாள். விமானம் ஏறும் நாளைத் தாமே குறித்துத் தருவதாகவும், குடும்பத்தோடு வந்து நின்று பார்ப்பதாகவும் முத்துக்குமாரு சொல்லிவிட்டுப் போனார். குடும்பத்தோடு என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

கார் தெருமுனை திரும்பியதும் கன்னையா சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் நின்ற விதத்திலேயே குணேஸ்வரிக்குக் கேள்வி புரிந்தது. வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்.

“அண்ணன் குடுத்ததையே போடுங்க.”

“நீ வாங்குனது?”

“அது எங்க போகப்போகுது. அலமாரியிலதானே இருக்கு.”

அவர் மேலும் சிறிது நேரம் நின்றார். பெரிய என்ஜினைத் திருப்பிக் கொடுத்தால் அண்ணன் வீட்டு வாசல் மறுபடி சாத்திக்கொள்ளும். இந்த முறை சாத்தியது கன்னையாவின் கையாக இருக்கும். அதைப் போட்டால், மெதுவாக ஒரு சுற்று என்று தான் நினைத்த விமானம் இனி அந்த விமானமாக இருக்காது. கணக்கு ஆசிரியர் என்ற முறையில் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். வெங்காயம் நறுக்கும் கை ஒரு நொடி நின்று மறுபடி நகர்ந்தது. அவர் மேசைக்குத் திரும்பினார்.

பயிற்சி விமானத்தில் எதையும் தனியாக மாற்ற முடியாது என்பது அடுத்த வாரங்களில் அவருக்கு விளங்கியது. பெரிய என்ஜின் மூக்குக்குள் நுழையவில்லை. மூக்கின் இரு கன்னங்களையும் வெட்டி அகலப்படுத்தினார். என்ஜின் கனத்தைத் தாங்க முன்பலகையைத் தடித்த பிளைவுட்டில் மறுபடி செய்தார். பெரிய என்ஜின் பெரிய காற்றாடியைக் கேட்டது. காற்றாடி தரையில் இடிக்காமலிருக்கக் கால்களை உயர்த்த வேண்டியிருந்தது. உயர்ந்த கால்கள் வளையாமலிருக்கத் தடித்த கம்பி. அதிகம் குடிக்கும் என்ஜினுக்குப் பெரிய எண்ணெய்த் தொட்டி. இவ்வளவும் முன்னால் சேர்ந்ததும், இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் மூக்கைத் தொங்கப் போட்டது. அதைச் சரிசெய்ய போர்ட் கிள்ளானில் மீன்பிடிக்காரர்கள் வாங்கும் ஈயக் குண்டுகளை வாங்கி வந்து வாலில் கட்டினார். வால் கனத்ததும் நடு உடம்பு பலமில்லாததுபோல் தோன்றியது. அதற்கும் பிளைவுட்.

முத்துக்குமாரு வாரம் ஒருமுறை தொலைபேசியில் விசாரித்தார். குணேஸ்வரிதான் எடுப்பாள். முதலில் விமானத்தைப் பற்றி இரண்டு வாக்கியம். பிறகு அவளுடைய இரத்த அழுத்தம், அவருடைய சர்க்கரை, ஈப்போ சித்தப்பாவின் கண் ஆபரேஷன். பேச்சு நீண்டுகொண்டே போகும். அண்ணனிடம் பேசும்போது அவள் நாக்கு தானாகவே பழைய வீட்டுப் பேச்சுக்கு மாறிவிடும். ஓம், ஓம் என்று சிரிப்பாள். கன்னையா ஈயக் குண்டுகளைக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டிருப்பார். ஒவ்வொரு முறை மரத்தை வெட்டும்போதும் அந்தச் சிரிப்புக்குத் தான் கொடுக்கும் கூலி இது என்று நினைத்துக்கொள்வார். கூலி அதிகமில்லை என்றும் நினைத்தார். பிறகு விமானத்தைப் பார்ப்பார். அது மேசைமேல் ஒரு குட்டி லோரியைப்போல் நின்றுகொண்டிருந்தது.

ஜெஞ்சாரோம் புல்தரையில் கன்னையாவுக்குப் பழக்கமானவர் இராமலிங்கம். லோரிக் கம்பெனி ஒன்றில் மேலாளர். விமானம் விடுவதில் பல வருட அனுபவம். முதல்முறை ஏற்றித் தருவதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். அறுபதைப் பற்றிக் கேட்டபோது அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும், வேகக் கைப்பிடியைப் பாதிக்கு மேல் தள்ளாமல் ஓட்டினால் போதும் என்றார். திருத்த வேலையெல்லாம் முடிந்தபின் ஒருநாள் வீட்டுக்கு வந்து விமானத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். கன்னையா, தன் குரலில் ஆசை தெரியாமல் பார்த்துக்கொண்டு, ஒருவேளை மறுபடி நாற்பதையே போடுவதாக இருந்தால் என்று கேட்டார்.

இராமலிங்கம் விமானத்தை இன்னொரு முறை தூக்கி இறக்கினார்.

“இந்த வெயிட்டுக்கு நாப்பது போட்டா எந்திரிக்காதுலா, அண்ணே. இப்ப இதுக்கு அறுபதுதான் சரி.”

ஆக முத்துக்குமாரு சொன்னது உண்மையாகிவிட்டது. மாப்பிள்ளை பெரியவராக இருக்கவேண்டும் என்பதற்காகப் பெண்ணைக் கனக்க வைத்து, பெண் கனமாக இருப்பதால் மாப்பிள்ளை பெரியவராகத்தான் இருக்கவேண்டும் என்று நிரூபித்தாகிவிட்டது. இப்படி ஒரு நிரூபணத்தை மாணவன் எழுதியிருந்தால் கன்னையா சிவப்பு மையால் அடித்திருப்பார். தன் கையாலேயே செய்த நிரூபணம் என்பதால் விமானத்தைத் துடைத்து வைத்தார்.

முத்துக்குமாரு நாள் குறித்துத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை; நேரமும் அவரே. காற்று எழும்புவதற்கு முன் விடியலில் விடுவதுதான் வழக்கம் என்று இராமலிங்கம் சொல்லியனுப்பியதை அவர் கேட்டுக்கொண்டு, காற்றுக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்றார்.

அன்று சாகா காரில் நால்வரும் போனார்கள். விமானத்தின் உடம்பு கன்னையாவின் மடியில். இறக்கை பின்கண்ணாடிக்குக் கீழே படுத்திருந்தது. குணேஸ்வரி கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தாய்வீட்டுச் சேலை, அலமாரியில் நாற்பதாம் எண் என்ஜினுக்கு மேலே மடித்து வைத்திருந்தது. புல்தரையில் இராமலிங்கம் முன்பே வந்து, எல்லாம் தயாராக வைத்திருந்தார். அவர்கள் வந்த வேகத்தில் இறக்கையை ரப்பர் வளையங்களால் கட்டி, தொட்டியில் எண்ணெயை விளிம்புவரை நிரப்பிவிட்டார். மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எண்ணெய். புனிதவதி மூக்கைச் சுருக்கி, சின்ன வயதில் பேதிக்குக் கொடுத்தது ஞாபகம் வருகிறது என்றாள்.

ஆனால் குறித்த நேரம் இன்னும் வரவில்லை. முத்துக்குமாரு கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கைகாட்டிவிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. செம்பனைகளுக்கு மேலே காற்று மெதுவாகப் புரண்டது. தொட்டியில் எண்ணெய் சூடேறிப் பொங்கி, அடியிலிருந்த சிறு குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வயிற்றுப் பலகையிலும் கீழே புல்லிலும் இறங்கிக்கொண்டிருந்தது. புல் பளபளத்தது. பனி என்று நினைத்திருப்பார்கள், யாராவது பார்த்திருந்தால்.

நேரம் வந்ததும் புனிதவதி கூடையைத் திறந்தாள். புதுக் கார் வாங்கினால் செய்கிற அத்தனையும் இருந்தன. சந்தனம், குங்குமம், திருநீறு, ஒரு முழம் மல்லிகை, செம்பில் மஞ்சள் தண்ணீர், தட்டில் கற்பூரம், எலுமிச்சம் பழங்கள். காரின் சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பழங்களை நசுக்கிக்கொண்டு கார் முன்னால் போகவேண்டும். சாகாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். அது இன்றுவரை ஒரு கீறல் வாங்கவில்லை.

இராமலிங்கம் யோசனையுள்ளவர். கற்பூரத்தைக் கண்டதும் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போய், காருக்குப் பின்னால் மர நிழலில் வைத்து, அதற்குமேல் ஓர் ஈரச் சாக்கையும் போட்டார். ஆபத்தை அகற்றிவிட்ட நிம்மதியில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே கைகட்டி நின்றார். விமானத்தின் வயிற்றுக்குள் ஒரு தொட்டி நிறைய இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. கன்னையாவுக்கு மட்டும் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல வாயெடுத்தபோது புனிதவதி குணேஸ்வரியின் கையில் தட்டைக் கொடுத்து, “நீயே காட்டு பிள்ளை, உன்ர கையால” என்றாள். குணேஸ்வரி தட்டை வாங்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கன்னையா பதிவு அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை. எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

அவள் மூன்று முறை சுற்றிக் காட்டி, தட்டை விமானத்தின் மூக்குக்கு முன்னால் புல்லில் வைத்தாள். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். முத்துக்குமாரு குனிந்து, மூன்று சக்கரங்களுக்கும் முன்னால் பழங்களை வைத்து, வாலருகில் ஒரு கையும் இறக்கைமேல் ஒரு கையும் வைத்துத் தள்ளினார். சாகாவின் எடைக்கு எலுமிச்சை நசுங்கும். இத்தனை ஈயமும் பிளைவுட்டும் சேர்ந்தும் இந்த எடைக்கு நசுங்கவில்லை. பழங்கள் உருண்டன. அவர் பலமாகத் தள்ளினார். முன்சக்கரம் பழத்தில் ஏறி வழுக்கி, விமானம் மூக்கை ஆட்டிக்கொண்டு தட்டுக்கு மேலாகப் போய் நின்றது. கற்பூரம் கண்ணுக்கு மறைந்தது. அணைந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

மெத்தனால் நெருப்புக்கு வெயிலில் நிறம் கிடையாது. புகை கிடையாது. கன்னையாவுக்குத் தெரிந்ததெல்லாம், மூக்குக்கு மேலே காற்று தார்ச்சாலைக்கு மேல் நெளிவதுபோல நெளிந்தது. பிறகு, அவர் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய வெள்ளை உறை, யாரும் தொடாமலே, ஆறுகிற பாலின் ஆடைபோலச் சுருங்கத் தொடங்கியது. அவர் சாயங்காலங்களெல்லாம் தேய்த்து வழுவழுப்பாக்கிய மரம் உள்ளே தெரிந்தது. எல்லோரும் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்கள். முத்துக்குமாருவின் ஒரு கை இன்னும் இறக்கைமேல் இருந்தது. காணாத அந்த நெருப்பு அந்தக் கையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

சொல்லவேண்டும். சொல்வதற்கு முதலில் கூப்பிடவேண்டும்.

“வந்து…” என்றார் கன்னையா.

முத்துக்குமாரு தலை நிமிராமலே, வழக்கம்போல் பொறுமையாகக் காத்திருந்தார். சுருக்கம் இறக்கைக்கு வந்துவிட்டது.

“மச்சான்.”

முத்துக்குமாரு நிமிர்ந்தார். கையை எடுக்கவில்லை. விமானத்தையும் பார்க்கவில்லை, கன்னையாவைப் பார்த்தார். புனிதவதி பார்த்தாள். குணேஸ்வரி நெற்றிக்குக் கொண்டுபோன விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். தாம் இத்தனை காலம் சம்மதிக்காத ஒன்று, இப்படி ஒரு நல்ல நேரத்தில், தாம் குறித்த நேரத்தில் நடந்துவிட்டதை முத்துக்குமாரு நிதானமாக ஏற்றுக்கொண்டார்.

“ஓம் மச்சான்,” என்றார். “சொல்லும்.”

“கையை எடுங்க. நெருப்பு.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “எங்க நெருப்பு?” என்று கேட்டு முடிப்பதற்குள், புறங்கை மயிர் பொசுங்கும் நாற்றம் அவருக்கே வந்தது. கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். இறக்கையைக் கட்டியிருந்த ரப்பர் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து தெறித்தன. கடைசி வளையம் போனதும் இறக்கை தானாக ஒரு முழம் எழும்பி, புரண்டு, புல்லில் விழுந்தது. அந்த விமானம் பறந்தது அவ்வளவுதான்.

அதன்பிறகுதான் மரம் பிடித்து நெருப்புக்கு நிறம் வந்தது. புனிதவதி செம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். இராமலிங்கம் ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்தார். சாக்கால் அடித்து அணைத்தபோது வாலிலிருந்த ஈயம் உருகிப் புல்லில் மினுமினுத்தது. உடம்பு இருந்த இடத்தில் கருகிய குச்சிகள். அவற்றுக்கு நடுவே அறுபதாம் எண் என்ஜின், கரி பூசிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தது.

குறித்த நேரத்தைப் பற்றியோ, கற்பூரத்தைப் பற்றியோ, பழத்தைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. முத்துக்குமாரு கைக்குட்டையால் என்ஜினை எடுத்தார். காற்றாடியின் எரிந்த மிச்சத்தைத் தட்டிவிட்டு, அச்சை விரலால் சுற்றிப் பார்த்தார். அது சுற்றியது.

“மாப்பிள்ளைக்கு ஒண்டும் ஆகேல்லை,” என்றார் மெதுவாக. “பொம்பிளைதான் பலம் போதாது. வேற பாப்பம்.”

திரும்பும்போது கன்னையாவின் மடியில் என்ஜின் மட்டும் இருந்தது, துண்டில் சுற்றி, இன்னும் சூடு ஆறாமல். புனிதவதி தீபாவளிக்கு முதல்நாளே வந்துவிட வேண்டும், பலகாரத்துக்கு ஆள் வேண்டும் என்று குணேஸ்வரியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். குணேஸ்வரி தலையாட்டினாள். அவள் சேலை முந்தானையில் கரி பட்டிருந்தது. சாலையின் இருபுறமும் செம்பனைகள் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. அந்த மட்டைகளுக்கு மேலே மெதுவாக ஒரு சுற்று போய்வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கன்னையா மனத்தில் கணக்குப் போட்டார். பிறகு அதை நிறுத்தினார்.

முத்துக்குமாரு கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

“மச்சான், அறுபதுக்கு எவ்வளவு பெரிய பிளேன் வேணும்?”

“இதைவிடப் பெரிசா, மச்சான்.” இரண்டாம் முறை அந்தச் சொல் சுலபமாகத்தான் வந்தது.

“பெரிசாவே பாப்பம். லண்டனுக்கு எழுதுறன்.” அவர் உற்சாகமாகிவிட்டார். கை மயிர் பொசுங்கியதைக்கூட மறந்துவிட்டார். “அந்தச் சின்னனை என்ன செய்யிறது? நாப்பதை? வீட்டில சும்மா கிடக்கு எண்டு இராமலிங்கம் சொன்னவர். யாருக்கும் குடுத்துவிடும்.”

கன்னையா மடியிலிருந்த துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினார். அவருக்கு வருகிற பதில் அதுதான்.

“அது இருக்கட்டும், அண்ணா,” என்றாள் குணேஸ்வரி.

அவள் வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. ஆனால் அண்ணனிடம் பேசும் பேச்சில் அவள் அதைச் சொல்லவில்லை. கிள்ளான் வீட்டில் கன்னையாவிடம் பேசுகிற பேச்சில் சொன்னாள்.

“அது நான் வாங்கிக் குடுத்தது. பெட்டியில என்ன போட்டிருந்துச்சோ அதைத்தான் வாங்குனேன்.”

முத்துக்குமாரு கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துச் சாலையில் வைத்தார். ஏதோ சொல்வதற்கு வாயைத் திறந்ததை, சரியான சொல் அகப்படாமல் மறுபடி மூடியதை, பின்னால் இருந்து கன்னையா பார்த்தார். அந்த இடைவெளி அவருக்கு நன்றாகப் பழக்கமானது. அதன் உள்ளே எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவசரமில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.